விளக்கு போடாத ஜீப்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் தோழியின் நாத்தனாருக்கு நடந்தது. வேலை செய்யும் இடத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா.

இரவு இரண்டரை மணி. அமாவாசை. ஆள் நடமாட்டமில்லாத மலைச்சாலை... உச்சியில், வீடு உயரத்துக்குக் கண்ணாடிகள் பதித்த தொலைநோக்கி. செத்துப்போன நட்சத்திரங்களிலிருந்து வரும் காமா கதிர் காற்றில் மோதினால், இமைக்கும் முன்பே மறைந்துவிடும் ஒரு நீல மின்னல். ஓயாமல் பூமியில் விழும் காஸ்மிக் கதிர்கள் எங்கே பிறக்கின்றன என்று அந்த மின்னலை வைத்துத்தான் தேடுகிறார்கள். அதற்குக் கும்மிருட்டு வேண்டும். அதனால் அந்தச் சாலையில் வண்டிகள்கூட விளக்குப் போடக்கூடாது.

போன வருஷம் அந்த இருட்டில்தான் இயக்குநரின் ஜீப் அக்காவின் தம்பியை அடித்துப்போட்டது. கண்ணாடி துடைக்கிறவன். அன்று சாயங்காலம் அக்கா கண்ணெதிரே இயக்குநர் அவனுடைய டார்ச்சைப் பிடுங்கினார். பேட்டரியைக் குப்பையில் வீசினார். வெறும் டார்ச்சைத் தன் மேஜைக்குள் வைத்துப் பூட்டினார். விசாரணையில் அதே வாய் என்ன சொன்னது? "டார்ச் இல்லாம ரோட்ல நடந்தது அவன் தப்பு." செத்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேசமாட்டான் என்ற தைரியம்! கூட நின்று பார்த்தவர்களும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆள் வாயாலேயே உண்மை வரும்வரை போகமாட்டேன் என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வேலையில் இருந்தாள்.

இந்த அமாவாசை இரவில், அக்கா வேலை பார்க்கும் கட்டுப்பாட்டு அறையில் திடீரென்று ஸ்பிரிட் வாடை... தம்பி கண்ணாடி துடைக்கும் ஸ்பிரிட். திரையில் தொலைநோக்கிக் கேமராவின் புள்ளிகள் வரிசையாக அணைந்தன. வெளிச்சம் அதிகமானால் அந்தக் கேமரா தன் கண்களைத் தானே மூடிக்கொள்ளும். யாரோ சாலையில் விளக்கோடு நடக்கிறார்கள்...

வாக்கி-டாக்கி கரகரத்தது. ஜீப்பிலிருந்து இயக்குநர்.

"எவன் அது ரோட்ல டார்ச் அடிக்கிறது? அணைக்கச் சொல்லும்மா!"

அக்கா சுற்றிப் பார்த்தாள். "எல்லாரும் உள்ளதான் இருக்காங்க சார். ஹெட்லைட்டப் போட்டுப் பாருங்க."

"போட்டா டேட்டா போயிடும்! இந்த நட்சத்திரத்த இன்னைக்கு விட்டா..."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எப்பவோ செத்த நட்சத்திரத்துக்கு இவ்வளவு மரியாதை. என் தம்பி சாவுக்கு ஒரு உண்மை சொல்ல வாய் வரலையா? அவன் டார்ச்ச யாரு பிடுங்கினது? சொல்லுங்க!"

வாக்கி-டாக்கியில் சரளைக்கல் நெரிபடும் சத்தம்... டயர் இல்லை. செருப்பு. ஜீப்பைச் சுற்றி... மெதுவாக...

"நான்தான்... நான்தான் பிடுங்கினேன்... அவனப் போகச் சொல்லும்மா..."

மலையிலிருந்த வாக்கி-டாக்கி அத்தனையிலும் அது கேட்டது. திரை மொத்தமாக அணைந்தது.

எல்லோரும் ஓடினார்கள். தம்பி விழுந்த அதே வளைவு. கதவுகள் மூடிய ஜீப், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இயக்குநர் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார். பூட்டிய மேஜையின் சாவி அவர் இடுப்பில். மடியில் டார்ச், அவர் முகத்தைப் பார்த்தபடி எரிந்தது. பிடியில் அக்கா தம்பிக்குச் சுற்றிக் கொடுத்த சிவப்பு டேப்.

"அணைம்மா... கண்ணு எரியுது..."

"எரியட்டும்."

அக்கா அதைக் கையில் எடுத்தாள். ஜில்லென்று இருந்தது. கனமே இல்லை. பின்மூடியைத் திருகிக் கழற்றிக் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை.

டார்ச் எரிந்துகொண்டுதான் இருந்தது.