இரண்டு டம்ளர் எலுமிச்சைச் சாறு

கிரேன்காரர்: ...இல்லை, உண்மையைச் சொல்லு. வாய் ஒரு மாதிரியா இருக்கா உனக்கு?

கண்டக்டரம்மா: இந்த ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்ததுலேருந்து நாலாவது தடவை கேக்கறீங்க. நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு?

கிரேன்காரர்: எனக்குத்தான் காலையிலேருந்து நாக்குல சாவிக்கொத்தை வச்ச மாதிரி இருக்கு. பழம் சரியில்லை போல.

கண்டக்டரம்மா: ஒரே பழத்துலதானே ரெண்டு டம்ளரும் பிழிஞ்சீங்க. என்னோடது தேனாட்டம் இருந்துச்சே.

கிரேன்காரர்: அப்படியா... சரி, சரி. நல்லது.

கண்டக்டரம்மா: கல்யாணமாகி பதினாறு வருஷம். சமையலறைக்குப் போகணும்னா வழி கேட்டுப் போற ஆளு நீங்க. இன்னிக்கு ஆறு மணிக்கே எழுந்து சாறு பிழியறீங்க.

கிரேன்காரர்: பொண்டாட்டி ஆஸ்பத்திரிக்குப் போறாளேன்னு ஒரு பாசம்.

கண்டக்டரம்மா: கடைசிச் சொட்டு இறங்கற வரைக்கும் என் தொண்டையையே பாத்துக்கிட்டு நின்னீங்களே, அந்தப் பாசமா?

கிரேன்காரர்: நீ எதையும் போட்டு மனசைக் குழப்பிக்காதே. இன்னிக்கு உனக்கு ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன்ல.

கண்டக்டரம்மா: கதிர்வீச்சு மருந்துங்க. கொஞ்சம் பயமாத்தானே இருக்கும்... ஆமா, உங்க அணுமின் நிலையத்துல கதிர்வீச்சு கசிஞ்சா என்ன பண்ணுவீங்க?

கிரேன்காரர்: அதெதுக்கு இப்போ?

கண்டக்டரம்மா: பொழுது போகணுமில்ல.

கிரேன்காரர்: மாத்திரை இருக்கு. ஆளுக்கு ஒரு அட்டை, லாக்கர்லயே வச்சிருப்போம். பதினோரு வருஷமா இருக்கு, ஒரு தடவைகூட முழுங்க வேண்டி வரலை.

கண்டக்டரம்மா: மாத்திரை எப்படிங்க கதிரைத் தடுக்கும்? குடையா அது?

கிரேன்காரர்: இப்படிக் கேளு, சொல்றேன். கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கா...

கண்டக்டரம்மா: எனக்கு இருந்துச்சு. போன மாசம் அறுத்து எடுத்துட்டாங்க.

கிரேன்காரர்: குறுக்கே பேசாதே. அதுக்கு அயோடின்னா பேராசை. நல்லதா கெட்டதான்னு பாக்காது, வர்றதையெல்லாம் இழுத்துப் போட்டுக்கும். விபத்து நடந்தா காத்துல கதிர் வீசற அயோடின் கலந்து வரும். மூச்சுல போச்சுன்னா நேரா கழுத்துல போய் உட்கார்ந்துக்கும்.

கண்டக்டரம்மா: சரி...

கிரேன்காரர்: மாத்திரையில இருக்கறது சாதா அயோடின். உன் பஸ்ஸையே எடுத்துக்கோ. கிளம்பற இடத்துலயே எல்லா சீட்லயும் நல்ல ஆளுங்க உட்கார்ந்தாச்சு. அடுத்த ஸ்டாப்ல ஒரு ரவுடி ஏறறான். எங்க உட்காருவான்?

கண்டக்டரம்மா: படியில தொங்குவான்.

கிரேன்காரர்: உன் பஸ்ல தொங்குவான். இங்க தொங்க முடியாது. ஒண்ணுக்குப் போகும்போது அதோட இறங்கிப் போயிட வேண்டியதுதான். ஆனா மாத்திரையை முன்கூட்டியே போடணும். ரவுடி உட்கார்ந்த பிறகு சீட் நிரப்பி என்ன புண்ணியம்?

கண்டக்டரம்மா: அடேயப்பா. எல்லாக் கதிர்வீச்சுக்கும் கேக்குமா?

கிரேன்காரர்: அயோடினுக்கு மட்டும்தான்னு பயிற்சியில சொன்னாங்க. ஆனா கதிர்னா கதிர்தானே... போட்டு வச்சா என்ன குறைஞ்சு போகுது?

கண்டக்டரம்மா: அதுவும் சரிதான். இன்னிக்கு எனக்குக் குடுக்கற கேப்சூல்ல என்ன இருக்குன்னு தெரியுமா?

கிரேன்காரர்: கதிர்வீச்சு மருந்து.

கண்டக்டரம்மா: அதுக்குப் பேரு கிடையாதா?

கிரேன்காரர்: டாக்டர்கிட்ட நீதானே தனியாப் போனே. எனக்கு அன்னிக்கு ஷிப்ட்டு.

கண்டக்டரம்மா: அறுத்தது போக ஓரத்துல கொஞ்சம் சுரப்பித் துணுக்கு ஒட்டிக்கிட்டிருக்காம். புற்றுநோய் அதுல ஒளிஞ்சிருந்தா, தேடிப் போய் எரிக்கணும். உடம்புல இவ்வளவு இடம் இருக்கு. மருந்து எப்படிங்க அந்தத் துணுக்கை மட்டும் கண்டுபிடிக்கும்?

கிரேன்காரர்: எப்படி?

கண்டக்டரம்மா: நீங்கதானே சொன்னீங்க. பேராசைன்னு.

கிரேன்காரர்: ...அயோடினா?

கண்டக்டரம்மா: அதே ரவுடிதான். இந்தத் தடவை நாமளே டிக்கெட் கிழிச்சு ஏத்தி விடறோம். அவன் உட்கார்ற சீட்டையெல்லாம் எரிச்சுட்டு வரட்டும்னு.

கிரேன்காரர்: அப்போ ரெண்டு வாரமா மீன் இல்லை, பால் இல்லை, கடை உப்பு இல்லைன்னியே... நான் பிரஷருக்குன்னு நெனச்சேன்.

கண்டக்டரம்மா: சீட்டைக் காலி பண்ணி வைக்கறதுக்குங்க. துணுக்கு பசியில கெடந்தாத்தானே ரவுடியை வாரி இழுக்கும்.

கிரேன்காரர்: ஒருவேளை... ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். எல்லா சீட்டும் நெறைஞ்சிருந்தா?

கண்டக்டரம்மா: மருந்து வீண். துணுக்கு சொகுசா இருக்கும். சாதா அயோடின் வடியற வரைக்கும் பல வாரம் காத்திருந்து, மறுபடி முதல்லேருந்து... ஏங்க, ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்து இப்படி வேர்க்குது?

கிரேன்காரர்: தண்ணி இருக்கா?

நர்ஸ்: அம்மா, ரூம் தயார், வாங்க. சார், நீங்க இந்த மஞ்சள் கோட்டைத் தாண்டக்கூடாது.

கிரேன்காரர்: சிஸ்டர், குடுக்காதீங்க. அந்தக் கேப்சூலை இவளுக்குக் குடுக்காதீங்க.

நர்ஸ்: ஏன் சார்?

கிரேன்காரர்: என் லாக்கர் மாத்திரையைப் பொடி பண்ணி இவ சாறுல கலந்துட்டேன். கதிர் இவளை ஒண்ணும் பண்ணக்கூடாதேன்னுதான்... நானே என் கையால கெடுத்துட்டேன் சிஸ்டர். இவளைத் திட்டாதீங்க, இவளுக்கு ஒண்ணும் தெரியாது.

நர்ஸ்: தெரியும் சார். அம்மா ஆறரை மணிக்கே டாக்டருக்குப் போன் பண்ணிட்டாங்க. இன்னிக்கே மருந்து குடுக்கலாம்னு சொல்லிட்டார்.

கிரேன்காரர்: குடுக்கலாமா? ஏய்... உனக்குத் தெரியுமா?

கண்டக்டரம்மா: எலுமிச்சைத் தோலைப் போடப் போனா, குப்பைக் கூடையில உங்க மாத்திரை அட்டை, அயோடின்னு பேர் போட்டு, பல்லைக் காட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. நீங்க பின்கதவைப் பூட்டப் போனீங்களே, அந்த நேரத்துல டம்ளரை மாத்தி வச்சேன். கசக்குதுன்னு நீங்க வச்சா நானும் வச்சுடுவேனோன்னு முழுசாக் குடிச்சீங்க பாருங்க, அதுதான் பாசம்.

கிரேன்காரர்: அடிப்பாவி. கீழே கொட்டித் தொலைச்சிருக்கலாமே. என்னை எதுக்குக் குடிக்க வச்சே?

கண்டக்டரம்மா: என் வேர்வையில, எச்சில்ல எல்லாம் அந்த ரவுடி வெளியே வருவானாம், தள்ளி இருக்கணும்னு டாக்டர் சொன்னதை வீட்டுக்கு வந்து சொன்னேன். நீங்களும் தலையாட்டினீங்க. ஆட்டிட்டு, என் ரூம் வாசல்லயே காவல் இருக்க, ராத்திரி யாருக்கும் தெரியாம கார்ல மடக்கு நாற்காலியும் போர்வையும் ஏத்தினீங்க. சொன்னா நீங்க எங்க கேக்கப் போறீங்க... அதான், உங்க சீட்டையெல்லாம் காலையிலேயே நெரப்பிட்டேன்.