மாலைப் பாலுக்கு நன்றி

ஒரு லிட்டர் பாலுக்கு நியாயமான விலை என்ன?

பால் விலை ஆணையத்தில் பதினாறு ஆண்டுகளாகப் புள்ளியியலாளராக இருக்கிறேன். எனக்குத் தெரியாது. இதை முதலில் சொல்லிவிட்டு வணக்கம் சொல்வதே முறை. உங்கள் கைத்தட்டலை வாங்கிக்கொண்ட பிறகு சொன்னால் அது ஏமாற்று.

பேச வந்தவர்களுக்கெல்லாம் ஐந்து நிமிடம் என்று கறாராகச் சொல்லிவிட்டு, என் முறை வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பால் சங்கத் தலைவர் அவர்களே! கறவை மாட்டின் நடையைப் பார்த்தே அதன் காய்ச்சலைச் சொல்லிவிடும் பெரியோர்களே! விடியுமுன் விழித்து, வாளி கழுவி, வைக்கோல் உதறி, வீட்டு வேலையும் முடித்து, வெயில் ஏறியபின் இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இரண்டு கறவைக்கும் இடையில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

வாசலில் ஒரு பதாகை கட்டியிருக்கிறீர்கள். 'மாலைப் பாலுக்கு விலை பெற்றுத் தந்தவர்' என்று என் படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறது. அதைப் பார்த்ததும் அப்படியே அடுத்த பேருந்தைப் பிடித்துத் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே நினைத்தேன். ஐந்தாண்டுகளாக உங்கள் மாலைப் பாலுக்கு விலை குறைந்தது யாரால் என்று ஒரு பதாகை எழுதினால், அதற்கும் இதே படத்தைத்தான் போட வேண்டியிருக்கும்.

பின்வரிசையில் நகரத்திலிருந்து வந்த பத்திரிகையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். பாலை லிட்டரில் அளந்தாலும் விலையைக் கொழுப்பை வைத்துத்தான் போடுகிறார்கள். கொழுப்பு கூடினால் விலை கூடும், குறைந்தால் குறையும். அதிகாலையில் கறக்கும் பால் அளவில் அதிகம், கொழுப்பில் குறைவு. பிற்பகல் மூன்று மணிக்குக் கறக்கும் பால் அளவில் குறைவு, கொழுப்பில் அதிகம். இதைத்தான் நீங்கள் மாலைப் பால் என்கிறீர்கள். இது உங்கள் வீட்டுக் குழந்தைக்குத் தெரியும். ஆணையத்தில் அப்போது ஒருவருக்கும் தெரியாது. முனைவர் பட்டம் வாங்கிய எனக்கும் தெரியாது.

ஐந்தாண்டுகளுக்கு முன் இருநூற்றுப் பன்னிரண்டு பண்ணைகளில் நான் ஓர் ஆய்வு செய்தேன். எப்படிச் செய்தேன்? காலையில் வந்தேன். காலையில் பாலெடுத்தேன். காலைப் பாலைச் சோதித்தேன். மதியம் கிளம்பினேன். ஏன் மாலையில் நிற்கவில்லை? அரசு வாகனம் நான்கு மணிக்குள் அலுவலகம் திரும்பியாக வேண்டும் என்பது விதி. விதியை மதித்தேன். திரும்பி வந்து அறிக்கையின் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி எழுதினேன்: 'இந்த அளவுகள் நாள் முழுமைக்கும் பொருந்தும் எனக் கொள்ளலாம்.'

கொள்ளலாம்! யார் கொள்ளலாம்? எதைப் பார்த்துக் கொள்ளலாம்? மாலையில் ஒரு தொழுவத்தில்கூடக் கால் வைக்காதவள் எந்த உரிமையில் கொள்ளலாம்? அந்த ஒரு வரியை வைத்து அரசு ஆணை வந்தது. காலையில் ஒரு முறை சோதித்தால் போதும், அதே கொழுப்புக் கணக்கு மாலைப் பாலுக்கும் செல்லும், சோதனை செய்பவர் மதியமே வீட்டுக்குப் போகலாம். நாட்டுக்குச் சிக்கனம் என்று பாராட்டினார்கள். எனக்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

அதே ஆய்வில் ஒரு படிவம் காணாமல் போனது. ஒரு தொழுவத்தில் நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற மாடு அதைப் பிடுங்கித் தின்றுவிட்டது. அறிக்கையில் 'ஒரு படிவம் கிடைக்கப்பெறவில்லை' என்று நாகரிகமாக எழுதினேன்.

என்ன சொல்கிறீர்கள் ஐயா? உங்கள் மாடா? இல்லை, அது உங்கள் மாடு இல்லை. அந்தப் பெருமைக்கு உரியவர் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். நீங்கள் எல்லோரும் 'பதினொரு மாட்டு அக்கா' என்று கூப்பிடுகிறவர். நான் ஆய்வுக்கு வந்தபோது அவரிடம் பதினொரு மாடு இருந்தது. இந்த ஆண்டு விலைத் திருத்தத்துக்கான பொதுக் கூட்டத்துக்கு அவர் வந்தபோது ஆறு. 'பேரை மாத்திக்கலையா அக்கா?' என்று யாரோ கேட்டதற்கு, 'மாட்டைத்தான் வித்தேன், பேரை வாங்க எவனும் வரலை' என்றாராம்.

அந்தக் கூட்டம் எப்படி நடந்தது என்று வராதவர்களுக்குச் சொல்கிறேன். நீளமான மேசை. ஒரு பக்கம் நாங்கள் ஏழு பேர், ஏழு தண்ணீர் பாட்டில். எதிரே ஒலிவாங்கி. பேசுகிறவருக்கு மூன்று நிமிடம். வந்தவர்கள் எல்லோரும் விலையை உயர்த்துங்கள் என்றார்கள். தீவன விலையைச் சொன்னார்கள், மருத்துவச் செலவைச் சொன்னார்கள். எல்லாம் உண்மை. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டோம். குறித்துக்கொள்வதில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது.

அக்கா முறை வந்தது. பையிலிருந்து இரண்டு கண்ணாடிப் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். ஆணையத் தலைவர் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது?"

"பால் சார்."

"பால்னு தெரியுதும்மா."

"தெரியுதா? நல்லதாப் போச்சு. ரெண்டும் ஒரே மாடு, நேத்து கறந்தது. எது காலைப் பால், எது சாயங்காலப் பால்? நீங்களே சொல்லுங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். வலப்பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் தனக்கு அடுத்து இருந்தவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். எனக்கு அடுத்து ஆள் இல்லை. அப்போது தேநீர்த் தட்டோடு வந்த கேன்டீன் அம்மா தட்டைக் கீழே வைக்காமலே சொன்னார்: "இதுதான் சார் சாயங்காலத்துது. மேல ஏடு எவ்வளவு தடிமனா நிக்குது, கண்ணு தெரியலையா?"

கூடம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"மேடம், நீங்க எங்க தொழுவத்துக்கு வந்திருக்கீங்க. எங்க மாடு உங்க காகிதத்தைத் தின்னுச்சு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"சாயங்காலம் ஏன் வரலை?"

"வண்டி நாலு மணிக்குத் திரும்பணும்."

"வண்டி வீட்டுக்குப் போற நேரத்தை வெச்சா எங்க பாலுக்கு வெலை போட்டீங்க?"

மூன்று நிமிடம் முடிந்ததற்கு மணி அடித்தது. அவர் இரண்டு பாட்டிலையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். விலையை உயர்த்தச் சொல்லி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் விடுப்பு எடுத்தேன். அரசு வாகனம் கேட்கவில்லை, பேருந்தில் போனேன். இரண்டரை மணிக்கு அவர் தொழுவத்தில் இருந்தேன். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, சுவரில் வரிசையாக மாட்டிய கயிறுகள். ஆறு மாடுகள் நின்றன. ஐந்து இடங்கள் வெறுமையாக இருந்தன. அந்த ஐந்து தொட்டிகளையும் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அவர் கணவர் வெந்நீரில் துணி நனைத்து மடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், தள்ளி நில்லுங்க. இதுல ரெண்டு உதைக்கும்."

"எந்த ரெண்டு?"

"அது அன்னன்னிக்கு மாறும்."

அக்கா கறந்துகொண்டே, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "மாசக் கடைசி வெள்ளிக்கிழமை தரகர் வண்டி வருது மேடம். ஆறும் போகுது. பேசியாச்சு. நீங்க எடுக்கிறதை எடுத்துக்கங்க. யாருக்காவது உதவும்."

யாருக்காவது உதவும்! தன் தொழுவம் காலியாகப் போகிற நேரத்தில், அதற்குக் காரணமானவள் கையில் பாலை ஊற்றிக் கொடுத்து ஒருவர் சொன்ன சொல் இது. எனக்கு எளிதில் கண் கலங்காது. அன்றும் கலங்கவில்லை. குப்பியை மூடும்போது பாதிப் பாலை வெளியே சிந்திவிட்டேன். "சிந்தாதீங்க மேடம், அதுலதான் கொழுப்பு" என்றார்.

பதினாறு மாலைகள், நாற்பது தொழுவங்கள். உங்களில் பலர் வீட்டுக்கு வந்தேன். 'இந்த அம்மாவா, மறுபடியுமா?' என்று ஒருவர் உள்ளே போய்ச் சொன்னது என் காதில் விழுந்தது. சொன்னாலும் பாலைக் கொடுத்தீர்கள். காலையில் மூன்றரை சதவீதம் காட்டிய மாடுகள் மாலையில் நாலரைக்குப் பக்கத்தில் காட்டின. ஒரு தொழுவத்திலாவது மாறி வராதா என்று, வெட்கத்தோடு சொல்கிறேன், உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். ஒன்றுகூட மாறி வரவில்லை.

முடிவைக் கொண்டுபோய் ஆணையச் செயலாளர் மேசையில் வைத்தேன். அவர் கெட்டவர் அல்லர். "அஞ்சு வருஷம் ஓடிப்போச்சு. இப்போ போய் நாமளே தப்புன்னு எழுதணுமா? சத்தமில்லாம அடுத்த அறிக்கையில சரி பண்ணிடலாமே" என்றார். அடுத்த அறிக்கை எப்போது? இரண்டாண்டுக்குப் பிறகு. வெள்ளிக்கிழமை எப்போது? ஒன்பது நாளில். அன்றே உட்கார்ந்து, நாற்பத்து மூன்றாம் பக்கம் பிழை, எழுதியவள் நான், என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்த வெள்ளிக்கு முந்தைய நாள், வியாழக்கிழமை பிற்பகல், அரசு ஆணை வந்தது: மாலைப் பால் தனியே சோதிக்கப்படும், அதன் விலை அதற்கே.

அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அப்படியா மேடம். மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருக்கேன், வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டார்.

அன்பர்களே! இதில் நான் பெற்றுத் தந்தது என்ன? அரசு விலையை உயர்த்தவில்லை. அளவையைச் சரிசெய்திருக்கிறது. அது வேறு, இது வேறு. போன ஐந்தாண்டை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. தீவன விலை அப்படியேதான் நிற்கிறது. விற்ற மாடு விற்றதுதான். விலையை உயர்த்தும் கோரிக்கை இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள், என் போன்றவர்களை நம்பியும் விட்டுவிடாதீர்கள்.

ஆனாலும் நன்றி சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. பெற வந்தவள் நான், தந்தவர்கள் நீங்கள். திட்டியிருக்கலாம், திருத்தினீர்கள். துரத்தியிருக்கலாம், தொழுவத்தைத் திறந்தீர்கள். படித்தவளின் பிழையைப் பாலூற்றிக் காட்டினீர்கள். தட்டைக் கீழே வைக்காமல் உண்மையைச் சொன்ன கேன்டீன் அம்மாவுக்கு நன்றி. மதியத் தூக்கம் போச்சே என்று முணுமுணுத்துக்கொண்டே இப்போது மாலைதோறும் வந்து நிற்கும் சோதனையாளருக்கு நன்றி. ஆம், நீங்கள்தான்; எழுந்து நில்லுங்கள், முணுமுணுத்தவருக்கும் ஒரு கைத்தட்டல் உண்டு. மூன்று நிமிடத்தில் ஓர் ஆணையத்துக்கே பாடம் நடத்திவிட்டுப் போய் உட்கார்ந்த அக்காவுக்கு, நின்ற இடத்திலிருந்து தலை வணங்கி நன்றி.

அரசாங்கம் என்பது யார்? வானத்திலிருந்து இறங்கிய வல்லமையா? இல்லை. ஒரு வேளையில் வந்து, ஒரு பக்கத்தைப் பார்த்து, ஒரு வரி எழுதிவிட்டுப் போகும் என்னைப் போன்ற மனிதர்கள். அவர்களை நிறுத்துங்கள்! மறு வேளைக்கும் வரச் சொல்லுங்கள்! வண்டி போனால் போகட்டும் என்று சொல்லுங்கள்! பார்க்காததைப் பார்த்ததாக எழுதும் கையை, பாட்டிலைக் காட்டித் தடுங்கள்! நீங்கள் கேட்டால்தான் நாங்கள் பார்ப்போம். நீங்கள் காட்டினால்தான் எங்களுக்குக் கண்.

இந்த மேடைக்கும், இவ்வளவு நேரம் பொறுத்த உங்களுக்கும் என் நன்றி. உங்கள் தொழுவங்கள் நிறையட்டும். ஆணை வந்த மறுநாள் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிறேன். இங்கே இரண்டு மூன்று விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். நான் அங்கே இருந்தேன். யாரும் அழைக்கவில்லை, போனேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குத் தரகர் வண்டி வந்தது. தரகர் இறங்கி, "ஆறும்தானே?" என்றார். அக்கா, "ஒண்ணுதான் அண்ணே" என்றார். "ஒரு மாட்டுக்கா இவ்ளோ பெரிய வண்டியைக் கொண்டுவந்தேன்?" "வெறும் வண்டியா அனுப்பக் கூடாதுன்னுதான் அந்த ஒண்ணும்." மூத்த மாட்டை ஏற்றினார்கள். ஐந்துக்குத்தான் தீவனம் கட்டுப்படியாகும் என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். வண்டி திரும்பும்வரை அக்காவின் கணவர், கழுவிய வாளியையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு மற்ற ஐந்தையும் கறந்தார்கள். சங்கத்தில் சோதனையாளர் அறைச் சாவியைக் கொஞ்ச நேரம் தேடினார். பிறகு சோதித்து, நான்கு புள்ளி நான்கு என்று வாசித்தார். அக்கா சீட்டை வாங்கிப் பார்த்து, மடித்து வைத்துக்கொண்டு, ஐந்து மாட்டுக்குத் தீவனம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.