முப்பது வோல்ட்

"ஹலோ... முகுந்தா, கிளாஸ் ஆரம்பிச்சிட்டியா? ...ஆமா, ஆமா, அக்காதான். எல்லா பவர் சப்ளையும் ஆஃப் பண்ணச் சொல்லு. ...இப்பவே லா. காரணம் அப்புறம் சொல்றேன்."

பிரிக்பீல்ட்ஸ் அடுக்ககத்தில் உஷாராணியின் சாப்பாட்டு மேசையெங்கும் கருகிய வாடை. வேண்டிய வோல்ட்டுக்குத் திருப்பிக்கொள்ளும்படி அவளே வடிவமைத்த பவர் சப்ளை பெட்டி திறந்து கிடந்தது. அதேபோல் ஐந்து பெட்டிகள், கிள்ளானில் தம்பி நடத்தும் சனிக்கிழமை எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பில் இருந்தன.

"...ஃபியூஸ் இல்லடா. கேளு. அஞ்சு வோல்ட்ல வச்சிருந்தேன். குமிழத் திருப்பினேன், உள்ள ஒயர் விட்டுப்போச்சு. ஒரே ஏத்தமா முப்பது. அதுல மாட்டியிருந்த போர்டு போயிருச்சு. ...எனக்கு ஒண்ணும் ஆகல. அங்க பிள்ளைங்க எத்தன பேரு? ...பன்னெண்டா?"

எழுந்தாள். சன்னல் வரை போனாள். திரும்பி வந்தாள்.

"கெப்பாசிட்டர் வெடிக்கும்டா. மூஞ்சிய கிட்ட வச்சுக்கிட்டுத்தானே பாப்பாங்க. ...ஏன் சிரிக்கிற? ...என்ன, ஒண்ணும் ஆகாதா? ...நீ பெட்டியத் தொறந்தியா? எப்போ? ...ரெண்டு வாரமாச்சா?"

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"...ம். குமிழோட நடுக்கால்லருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் வச்சியா. ...அஞ்சு பெட்டியிலயுமா? ...ஆமா. ஒயர் விட்டாலும் சைபருக்கு எறங்கிடும். ...ஆமா, ஆமா, புரியுது. எங்கிட்ட ஏன் சொல்லல? ...நீ சொன்னே. சரி, சொன்னே."

சொல்லத்தான் செய்தான். டிசைன் என்னோடது, நீ சோல்டர் மட்டும் பண்ணு என்று இதே மேசையில், அவன் மனைவி அமுதாவின் முன்னால், அவள்தான் அவன் வாயை அடைத்தாள். அதன் பிறகு அவன் இந்தப் பக்கம் வரவில்லை.

இப்போது அவன் நெடுநேரம் பேசினான்.

"...ம். ...ம். அப்படிப் பேசினது தப்புதான்டா. அமுதா முன்னாடி வேற. ...இல்ல, சும்மா சொல்லல."

சட்டென்று நிமிர்ந்தாள்.

"முகுந்தா, இரு. ரவாங்குல இருக்கிற ஜெயராஜ் அண்ணே நேத்துதான் எங்கிட்ட ஒரு பெட்டி வாங்கிட்டுப் போனாரு. அதுல ரெசிஸ்டர் இல்ல. ...போன வை, வை, அவர கூப்பிடணும். ...என்னன்னு சொல்றதா? உள்ளதத்தான். டிசைன் தப்பு, என் தம்பி சொன்னான், நான் கேக்கலன்னு."

பதிலுக்குக் காத்திராமல் இணைப்பைத் துண்டித்து, ஜெயராஜின் எண்ணைத் தேடினாள்.