ரோஸ் சாயம்

— காப்பியெல்லாம் வேணாம் வேலு. உன் வீட்டுத் தண்ணி ஒரு சொட்டு என் பல்லுல படக் கூடாதுன்னு சொல்லிட்டேன்ல, சொன்னதுதான். நான் வந்தது அந்தச் சாயத்தப் பாக்க. எங்க உன் புருசன், என் கொழுந்தன் பாண்டி?

— இங்கனதான் நிக்கேன் மதினி. வாங்க, பாத்ரூமுக்குள்ள வந்தே பாருங்க. நேத்து பொழுதடைய ஊத்துன ரோஸ் தண்ணி அப்படியே தட்டுல நிக்குது.

— அதுக்குள்ளயா? ச்சீய்! நான் வாசப்படியிலயே நின்னு பாத்துக்கிடுதேன். எவனெவனோ நின்னு குளிச்ச தட்டு. நெனச்சாலே எனக்குக் கொமட்டுது.

— எவனெவனோ இல்ல மதினி. எங்க தீப்பெட்டிக் கம்பெனி மொதலாளி கெஸ்ட் ஹவுஸ்ல கெடந்தது. வடக்க இருந்து ஆர்டர் குடுக்க வர்ற பெரிய பெரிய வியாபாரிக குளிச்சது. கெஸ்ட் ஹவுஸ இடிச்சப்ப லோடு வண்டியில போட்டுக் கொண்டாந்தேன். பூராவும் ஃபைபரு. ஷவர் ட்ரேன்னு அதுக்குப் பேரு.

— பேரு என்னவும் இருக்கட்டும். வியாபாரி முதுகு அழுக்கு மட்டும் மணக்கவா செய்யும்? தட்டுன்னா சோறு திங்கிறது. அதுல நின்னு காலத் தேய்க்கிற குடும்பத்த இப்பத்தான் பாக்கேன்.

— அக்கா, நேத்து பேசுனதப் பேசுவோம். பைப்புக்குள்ள துணியத் திணிச்சு, தட்டு நெறையச் சாயத் தண்ணி ஊத்தி வச்சோம். விடிஞ்சதும் உங்க அடுப்படிச் சொவத்துல ரோஸ் தெரிஞ்சா, தட்டப் பேத்து எறிஞ்சிரணும். தெரியலைன்னா நீங்க பேசுனதத் திருப்பி வாங்கிக்கிடணும். அதான பேச்சு?

— அதேதான் வேலு. உங்க மூத்தவரு கடப்பாரைய எடுத்து என் வாசல்ல சாத்தி வச்சிட்டுத்தான் பால் வாங்கப் போயிருக்காரு.

— பாத்தேன் மதினி, பாத்தேன். எங்க அண்ணன் ஒரு வேலைக்குன்னு கடப்பாரை எடுத்து இன்னைக்குத்தான் பாக்கேன்.

— ஏங்க, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க.

— பேசட்டும் வேலு, பேசட்டும். அவுகளுக்கென்ன. ஓதம் அடிச்சது என் சொவத்துல. அதுவும் எங்கன? அரிசிப் பானை வைக்கிற மூலையில. ஒரு நாளு பானைய நகட்டுனேன். சொவரு வழவழன்னு இருந்துச்சு. என்னமோன்னு கைய வச்சேன். சோப்பு நொரை, குச்சி மருந்து வாடை, முதுகு அழுக்கு எல்லாம் சேந்து கூழாட்டம் கையில வருது. அது கூட ஒரு முடி. நீளமா. என் முடி இல்ல, எம்புள்ள முடியும் இல்ல. அன்னைக்கு முச்சூடும் நான் சோறு திங்கல.

— அது தட்டு வச்ச புதுசுலக்கா. அதுக்கப்புறம்தான் இவுக அந்தப் பக்கம் அடைச்சிட்டாகள்ல.

— கேளுங்க மதினி. உங்க சொவத்த ஒட்டி ஒரு சாண் ஒசரத்துக்குத் தார் பூசுனேன். ஒரு தடவ இல்ல, மூணு தடவ. அது மேல ஆலங்குளம் சிமெண்டு. அந்தப் பக்கம் இனிமே எறும்பு கூட நொழைய முடியாது. தண்ணி எப்படி வரும்?

— வரலைங்கீக. பெறகு எதுக்கு இன்னும் அந்த மூலை நாறுது? நீங்க தாரு பூசுன வாரத்துல இருந்து எம்புள்ள ஓவியாவுக்கு வயித்தால போகுது. நிக்கவே மாட்டேங்கு. எத வாயில வச்சாலும் கொமட்டுதும்மா, கொமட்டுதும்மான்னுதான் சொல்லுதா. அந்தச் சொவத்து நாத்தம்தான் புள்ளைக்குள்ள எறங்கியிருக்கு. எனக்குத் தெரியாதா?

— எனக்கும்தான் ரெண்டு நாளா வயிறு கடமுடங்குது மதினி. நான் தின்ன புரோட்டாவக் குத்தம் சொன்னேன், நீங்க என் தட்டக் குத்தம் சொல்லுதீக.

— டாக்டர் என்ன சொன்னாருக்கா?

— மாத்திரை குடுத்தாரு. பாக்கெட்டுல மாவு குடுத்தாரு. தண்ணியில கலக்கி நெறையக் குடுங்க, தண்ணிதான் மருந்துன்னாரு. அதத்தான் நாள் பூராக் குடுக்கேன். தண்ணியக் காய்ச்சிக் குடுக்கச் சொன்னாரு. நம்ம தொட்டித் தண்ணிய எதுக்குக் காய்ச்சணும்? கல்கண்டாட்டம் இருக்கு. இந்தத் தெருவுல நம்ம தொட்டித் தண்ணிக்கு ஈடு உண்டா?

— அதச் சொல்லுங்க மதினி. எங்கப்பா தரைக்குள்ள தோண்டிக் கட்டுன தொட்டி. வீட்டப் பிரிச்சப்பக் கூட அதப் பிரிக்கல, ரெண்டு வீட்டுக்கும் பொதுவாத்தான வச்சோம். பஞ்சாயத்துல எட்டு நாளைக்கு ஒருக்காத் தண்ணி விட்டாலும் நம்ம வீட்டுல வறட்சி உண்டா?

— நல்லா இருக்கிற தொட்டி ஓரமாத்தான் உங்க பாத்ரூம் பைப்பக் கொண்டு போயிருக்கீக. எனக்கு அதுவும் பிடிக்கல. சொன்னேன், யாரு கேட்டா?

— வேற எங்கிட்டுக் கொண்டு போக மதினி? அந்தப் பக்கமாப் போனாத்தான் வாறுகாலுக்கு வாட்டம் கெடைக்கும். இல்லைன்னா அழுக்குத் தண்ணி திரும்பி வந்து காலடியிலயே நிக்கும். நானே தோண்டி, நானே பதிச்சேன். கொத்தனாரக் கூப்பிட்டா அவன் வந்து பாத்துட்டுப் பீடி குடிச்சிட்டுப் போவான்.

— தட்டும் பைப்பும் சேர்ற எடத்துல மட்டும் கொத்தனாரக் கேட்டிருக்கலாம்னு நான் அப்பவே சொன்னேன்.

— ஆரம்பிச்சிட்டா பாருங்க மதினி. விருதுநகர்ல கடைக்காரன் ஒரு பேஸ்ட்டு ட்யூப்பக் காட்டி, இத வச்சுத்தான் அடைக்கணும்னான். எதுக்கு? எங்க கம்பெனியில குச்சிக்கு ஏத்துற மெழுகு இருக்கு. மெழுகு ஏறுன குச்சியத் தண்ணியில போட்டுப் பாருங்க, உப்பவே செய்யாது. உருக்கி ஊத்துனேன், வேலை முடிஞ்சுது. எத்தன வருசமா மெழுகுச் சட்டி முன்னாடி நிக்கேன், எனக்குத் தெரியாத மெழுகா?

— சட்டி முன்னாடி நிக்கிறவுகளுக்கு அது சூட்டுல எளகும்னு தெரியாமப் போச்சு. தெனம் வெந்நியில குளிக்கோமே, மெழுகு நிக்குமான்னு கேட்டேங்கா. நீ கட்டையில குச்சி அடுக்குறவ, மெழுகப் பத்தி உனக்கென்ன தெரியும்னு என் வாய அடைச்சிட்டாக.

— எளகுனா ஒழுகியிருக்கும்ல? அந்தா பாரு, தண்ணி நிக்குதா இல்லையா?

— எங்க நிக்குது கொழுந்தனாரே? நேத்து விளிம்பு முட்ட இருந்துச்சு. நானே பாத்தேன். இப்ப நாலு வெரக்கடை கீழ கெடக்கு. மிச்சத்த யாரு குடிச்சா?

— சித்திரை மாசம் மதினி. ராத்திரி முச்சூடும் கரண்டு இல்ல. இருந்த வெக்கைக்கு நானே பாதி வத்திப் போயிட்டேன். தண்ணி வத்தாதா?

— நல்லா வத்தும். என் சொவத்துக்குள்ளதான் வத்தியிருக்கும். வாங்க ரெண்டு பேரும். என் அடுப்படிக்கு வாங்க. செருப்ப வெளிய கழத்துங்க, அந்தத் தட்டுல மிதிச்ச கால வேற வாறுகால்கிட்ட நல்லாக் கழுவிட்டு வாங்க.

— அக்கா, அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்.

— சொல்லு.

— இந்தத் தட்டப் பேத்துட்டா நான் திரும்பவும் பின்வாசல்ல சேலையக் கட்டி மறைச்சுக்கிட்டுத்தான் குளிக்கணும். விடிய முன்ன எந்திரிச்சாலும் சிவகாசி லோடு வண்டி போகும். நம்ம வீட்டுக்கு நேரா வரவும் லைட்டப் பெருசா வைப்பான். வெளிச்சம் சேலைய ஊடுருவிக்கிட்டு வந்து மேல விழும். ஒரு நாளு ஒருத்தன் வண்டிய நிப்பாட்டி ஹாரன் அடிச்சான். சிரிச்சான். நான் ஈரத் துணியோட வீட்டுக்குள்ள ஓடியாந்தேன். அன்னைக்கு என் ஒடம்பே எனக்கு அருவருத்துச்சு அக்கா. நீங்க அந்த ஒரு முடிக்கு ஒரு நாள் சோறு திங்கல. நான் எத்தன நாளு திங்காம இருந்தேன்னு இவுகளுக்குக் கூடத் தெரியாது.

— ஏ வேலு, இதெல்லாம் நீ என்கிட்டச் சொல்லவே இல்லையே?

— உங்ககிட்டச் சொன்னா அருவாளத் தூக்கிக்கிட்டு லாரிக்காரன வெரட்டுவீக. பாத்ரூம் கட்டுங்கன்னு மட்டும் சொன்னேன்.

— உனக்கு மட்டும்தான் லைட்டு அடிச்சானுகளா புள்ள? நானும் அங்கனதான் குளிக்கேன். சொன்னதில்ல, அம்புட்டுத்தான். சரி, வாங்க. சொவத்தப் பாப்போம். நல்லா விடிஞ்சிருச்சு, இனி லைட்டு தேவையில்ல. சத்தம் போடாதீக, புள்ள படுத்திருக்கா.

— பானைய நகட்டுங்க மதினி.

— நகட்டியாச்சு. பாருங்க கறைய.

— அது பழைய கறை. ரோஸ் எங்க?

— இரு, தெரியும். சுண்ணாம்புக்குள்ள இருக்கும். வேலு, அந்த வெள்ளைத் துணியக் குடு. அமுக்கித் தொடைச்சுப் பாக்கேன்.

— துணியக் காட்டுங்கக்கா.

— இந்தா, நீயே பாரு.

— சொவரு காஞ்சு கெடக்குக்கா. வெறும் தூசிதான் வருது.

— கீழயும் தொடைங்க மதினி. தரையோட ஓரத்துலயும் தொடைங்க. பெறகு ஒரு பேச்சு வரக் கூடாது. நாங்க குச்சி மருந்துக்குப் போடுற சாயம் இது. ஒரு சிட்டிகை கையில பட்டாப் போகாது. ஒரு சொட்டு வந்திருந்தாலும் இந்நேரம் துணி காட்டிக் குடுத்திருக்கும்.

— ஒண்ணும் இல்ல.

— என்ன மதினி? சத்தமாச் சொல்லுங்க.

— ஒண்ணும் இல்லைன்னேன். நான்தான் தப்பாப் பேசிட்டேன், போதுமா? நாறுதுன்னு நெனச்சிட்டா வாசல்ல பூத்த மல்லியும் நாறத்தான் செய்யுது.

— எங்க அண்ணன் வரட்டும். கடப்பாரைய என் கையாலயே குடுத்து, பத்திரமா வைங்கன்னு சொல்லுதேன். கொத்தனார் இல்லாம, இன்ஜினியர் இல்லாம, இந்தக் கையி மதினி, இந்த ரெண்டு கையி!

— போதும்ங்க. அவுகதான் ஒத்துக்கிட்டாகள்ல.

— ஆடட்டும் வேலு, செயிச்சவுக ஆடத்தான் செய்வாக. புள்ள எந்திரிச்சு நடமாடட்டும். நானும் ஒரு நாளு அந்தத் தட்டுல ஏறி நின்னு குளிச்சுப் பாக்கேன். கண்ண மூடிக்கிட்டுக் கால வச்சாப் போச்சு.

— வாங்கக்கா. நானே வெந்நி போட்டு வைக்கேன். இப்ப ஒரு வாய் காப்பி குடிக்கீகளா?

— கொண்டா. எம்புட்டு நாளாச்சு உன் கையால குடிச்சு.

— போட்டது ஆறிப் போயிருக்கும். புதுசாப் போடுதேன். நேத்துப் புடிச்ச குடத்துத் தண்ணி தீந்துருச்சு, தொட்டியில ஒரு வாளி மொண்டுட்டு வாரேன்.

— பாத்தீகளா மதினி, அவ முகத்த? இந்தக் காப்பிக்காகத்தான் இத்தன நாளா அழுதா. அண்ணன் வீடு, தம்பி வீடுன்னு பேச்சுவார்த்தை இல்லாம இருக்கிறது எனக்கும் பிடிக்கவே இல்ல.

— எனக்கும்தான். புள்ளைக்குச் சொகமில்லாத எரிச்சல் வேற. என்ன இன்னும் காணோம் இவள? ஏ வேலு! வாளிய வச்சுக்கிட்டு அங்கன என்ன நிக்க?

— அக்கா, இங்கன வாங்க. ஏங்க, நீங்களும் வாங்க.

— என்ன வேலு? பாம்பு கீம்பு கெடக்கா?

— தண்ணியப் பாருங்க. இப்பத்தான் தொட்டியில மொண்டேன். ரோஸா இருக்கு.

— அது... அது ஒண்ணுமில்ல. நேத்துச் சாயம் கலக்குன வாளியா இருக்கும். அடியில ஒட்டியிருக்கும்.

— இது குடிதண்ணி வாளிங்க. நீங்க சாயம் கலக்குனது பழைய பெயிண்ட் டப்பாவுல. ரெண்டு தடவ கொட்டிட்டு மொண்டு பாத்துட்டேன். தொட்டிக்குள்ள எட்டிப் பாருங்க. பைப்பு போற பக்கத்துச் சொவத்துல இருந்து கோடு போட்டு எறங்குது.

— நான் அந்தப் பக்கம் அடைச்சேன்... மதினி சொவத்துப் பக்கம் பூராத் தார் வச்சு அடைச்சேனே...

— அடைச்சீக. அது இங்கிட்டு வந்திருச்சு. அக்கா? ஓவியாவுக்குக் காலையில மருந்து கலக்குனது எந்தத் தண்ணியில?

— ஏலே பாண்டி... விடிய முன்ன, கரண்டு இல்லாத இருட்டுல, இந்தத் தொட்டியிலதாம்லே மொண்டேன். கொமட்டுதும்மா, வேணாம்மான்னு சொன்னா எம்புள்ள. மூக்கப் புடிச்சு, முதுகுல ரெண்டு வச்சு, ஒரு சொம்பையும் குடிக்க வச்சிட்டுல்ல வந்தேன்.