இலையானின் முப்பத்திரண்டாவது கதை

– அழிக்கச் சொன்னா அழியன், பிள்ளை. என்னத்துக்கு அந்தக் கம்பியூட்டர் எலியைப் பிடிச்சுக்கொண்டு முழுசிறாய்?

– கேளுங்களேன் மிஸ். ஒரு தடவ அழிச்சா அழிச்சதுதான். தேயில மாதிரி இல்ல இது, கவ்வாத்து வெட்டிட்டா மறுபடி துளுக்கும்னு சொல்றதுக்கு.

– துளிர்க்க வேண்டாம். அதுக்குத்தானே அழிக்கச் சொல்லுறன்.

– ஒரு வருசமா சனிக்கிழம தவறாம, கச்சேரி ஆபீசு லீவுன்னு கொப்பியத் தூக்கிக்கிட்டு இந்த ஷிராஸ் நானா நெட் கடப் படி ஏறுறீங்க. நானும் கட வேலைக்கு நடுவுல டைப் பண்ணி வலைப்பூவுல ஏத்துறேன். இன்னைக்கு என்ன வந்துச்சு ஒங்களுக்கு?

– அம்பிட்டியாவில வீட்டுக்கார மனிசி நேற்றுக் கேட்டவ. "மிஸ் கம்பியூட்டரில என்னவோ எழுதிறீங்களாம், பொலிசில பதியேக்க அதையும் சொல்லோணுமோ" எண்டு. நல்ல மனிசி, பயத்தில கேட்டவ. யாழ்ப்பாணத்தாள் ஒருத்தியை வீட்டில வைச்சிருக்கிறதே அவவுக்குப் பெரிய காரியம். எழுதிறவள் ஒருத்தியையும் சேத்து வைச்சிருக்கச் சொல்ல ஏலுமே?

– ஒங்க பேரே அதுல இல்லீங்களே மிஸ். சத்தியபாமான்னு ஒரு எழுத்துக்கூட கெடையாது. "இலையான்"னு மட்டுந்தானே இருக்கு.

– உள்ளதைச் சொல்லட்டோ? பயம் ஒரு சாட்டு. எனக்கு அலுத்துப் போச்சு, பாலம்மா. முப்பத்தியொரு கதை எழுதியாச்சு. வரவேண்டியவன் வரேல்லை.

– தம்பியா மிஸ்?

– வேற ஆர்? கிளிநொச்சியில படிப்பிச்சுக்கொண்டு இருந்தவன். சண்டை துவங்கிப் பாதை பூட்டுறதுக்கு முதல் கிழமை வந்த கடிதம்தான் கடைசி. ரெண்டு வருசம். செஞ்சிலுவைக்காரரிட்டயும் எழுதிக் குடுத்தனான், கோயிலுக்கும் நேந்தனான். பேந்துதான் நீ இந்தக் கம்பியூட்டரைக் காட்டினனி. எங்க இருந்தாலும் விவேகன் ஒருநாளைக்கு இப்பிடி ஒண்டுக்கு முன்னால குந்துவான், சும்மா எண்டாலும் "இலையான்" எண்டு அடிச்சுத் தேடுவான் எண்டு நினைச்சன். அந்தப் பேரின்ர கதை எங்கட ரெண்டு பேருக்கும்தான் தெரியும்.

– நான் மொதல்ல அத இலை, யான்னு பிரிச்சுப் படிச்சேன். இலையாகிய நான்னு! ஆகா, மிஸ் பெரிய கவிஞருன்னு நெனச்சேன். அப்புறம்தானே சொன்னீங்க, ஒங்க ஊர்ல ஈய அப்பிடிச் சொல்லுவாங்கன்னு.

– ஈதான். அவனுக்குப் பத்து வயசு, எனக்குப் பதின்மூண்டு. கொப்பித் தாளைத் தைச்சு நாங்க விட்ட கையெழுத்துப் பத்திரிகை. இலையான் ஆரையும் கேக்காமல் எல்லா வீட்டுக்குள்ளயும் போகும், எங்கட பத்திரிகையும் அப்பிடிப் போகோணும் எண்டு அவன்தான் பேர் வைச்சவன். கடைசியில வாசிச்சது அம்மா ஒராள்.

– இப்ப கனடாவுல படிக்கிறாங்க, லண்டன்ல படிக்கிறாங்க. நோர்வேயில ஒருத்தரு மூணு தடவ வந்திருக்காரு. இதெல்லாம் ஒரே நாள்ல வர்றதில்ல மிஸ். நம்ம காலையில போட்டா கனடாவுல ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சு ஒக்காருவாங்கன்னு கணக்குப் பாத்துப் போட்டேன். ஒங்க தலைப்பையெல்லாம் கூட மாத்திக் குடுத்தேன்.

– ஓம், ஓம். "அம்மாவின் சமையல்" எண்டு நான் அழகா வைச்சதை "அந்த ஒரு பிடிச் சோறு" எண்டு மாத்தினனி. சினிமாப் படம் போல.

– அதுக்குத்தான் அன்னைக்கு முப்பது பேரு வந்தாங்க.

– எனக்கு முப்பது பேர் என்னத்துக்கு? அந்த உலகப் படத்தில நீ ஒவ்வொரு கிழமையும் புள்ளி புள்ளியாக் காட்டுவாய். நான் எங்க பாக்கிறனான் எண்டு உனக்குத் தெரியாதோ? வவுனியாவுக்கு மேல பாப்பன். வெறும் பச்சை. வாற கிழமையும் பச்சை. கண் பூத்துப்போச்சு, பிள்ளை.

– தெரியும் மிஸ். அதனாலதான் கேளுங்களேன், அழிக்கிறதுக்கு முன்னாடி ஒங்ககிட்ட நான் கொஞ்சம் பேசணும்.

– எனக்குப் பேசப் போறியோ? நான் என்ன பிழை விட்டனான்?

– ஐயோ, திட்டுறதுக்கில்ல! சும்மா பேசணும். எத்தன தடவதான் நான் இதுல மாட்டிக்கிறது?

– உங்களுக்கு அது பேசிறது, எங்களுக்குக் கதைக்கிறது. எங்கட பக்கம் பேசினா எண்டா ஏசினா எண்டுதான் விளங்கும். நான் மாற்றலாகிக் கண்டிக்கு வந்த முதல் கிழமை, ஹந்தானைத் தோட்டத்துப் பொம்பிளை ஒருத்தி கச்சேரிக்கு வந்து, "பெரிய ஐயா என்னோட அன்பா பேசினாரு" எண்டவள். அன்பா எப்பிடியப்பா ஏசிறது எண்டு ரெண்டு நாள் மண்டையைப் போட்டு உடைச்சனான்.

– எங்கம்மா இருந்து இதக் கேட்டிருக்கணும். விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாங்க.

– எங்கட அம்மாவுக்கு ஏசவே தெரியாது. விவேகன் விளக்கைத் தட்டி விழுத்தி அலுமாரியை எரிச்சவன். கலியாணச் சீலை எல்லாம் சாம்பல். அண்டைக்கும், "கை சுட்டதோ ராசா" எண்டுதான் கேட்டவ. சரி, கதையை இழுக்காதை. இருட்ட முதல் நான் செக் பொயின்ற் தாண்டோணும். அழி.

– சரிங்க. இந்தா, கேக்குது பாருங்க. "இந்த வலைப்பூவை நிச்சயமாக அழிக்கவா"ன்னு.

– தள்ளு பாப்பம். கீழ என்ன போட்டிருக்கு? "முப்பத்திரண்டு பதிவுகள்". முப்பத்தியொண்டெல்லோ?

– அது, கம்பியூட்டர் சில நேரம் தப்பா எண்ணும் மிஸ்.

– எண்ணத் தெரியாத கம்பியூட்டரை வைச்சோ ஷிராஸ் கடை நடத்திறார்? நான் இருபது வருசம் கச்சேரியில கோப்பு எண்ணினவள், பிள்ளை. முப்பத்திரண்டாவது எது? திற.

– மிஸ்...

– "விடிய விடிய". இது நான் எழுதினதில்லை.

– நான் எழுதுனது.

– நீயோ?

– கோவிச்சுக்காதீங்க. பொரட்டாசியில காச்சல்னு ரெண்டு வாரம் நீங்க வரல. இலையான் காஞ்சு கெடந்துச்சு. எல்லாரோட வலைப்பூவையும் வரிசையா காட்டுற திரட்டின்னு ஒண்ணு இருக்குன்னேனே, புதுசா ஒண்ணும் போடலைன்னா அதுல கீழ கீழ தள்ளிருவாங்க. வர்ற நாலு பேரும் மறந்துருவாங்க. சரி, ஒண்ணு போடுவோம்னு போட்டேன்.

– எனக்கும் என்ர தம்பிக்கும் எண்டு இருக்கிற இடத்திலயோ? ஒரு சொல்லுச் சொல்லாமலோ?

– சொல்லத்தான் நெனச்சேன், வாய் வரல. ஒங்க கதைக்கு ரெண்டு பின்னூட்டம் வரும் மிஸ். அதுல ஒண்ணு நான் எழுதுறது. இதுக்கு நாப்பத்திமூணு! டொரொன்டோவுல ஒரு அம்மா, அழுதுட்டேன்னு எழுதியிருக்காங்க. தோட்டத்து லயத்துல பொறந்த ஒருத்தி எழுதுனத யாரோ ஒரு ஊர்ல ஒக்காந்து படிச்சு அழுவுறாங்கன்னா எனக்கு எப்பிடி இருக்கும்? ஒங்களுக்கு ஒரே ஒரு ஆளு வந்தா போதும். எனக்கு யாராவது வேணும் மிஸ். யாரா இருந்தாலும் சரி.

– அப்ப உன்ர பேரில ஒண்டு துவங்கியிருக்கலாமே?

– துவங்குனேனே. "பாலம்மா பக்கங்கள்". மூணு மாசத்துல பதினோரு பேரு வந்தாங்க, அதுல பத்து தடவ நான்தான். மிச்சம் ஒரு ஆளு பேரப் பாத்துட்டு சமையல் குறிப்புன்னு நெனச்சு வந்து ரசப்பொடிக்கு அளவு கேட்டாங்க.

– சிரிப்புக் காட்டாதை. நான் கோவத்தில இருக்கிறன்.

– சரிங்க மிஸ்.

– எங்கட பத்திரிகை முன்னட்டையில விவேகன் சிவப்பு மையால எழுதி ஒட்டினவன், "இலையானில் பொய் எழுதக்கூடாது" எண்டு. மழை பெய்யாத நாள் நான் மழை எண்டு எழுதினா வெட்டி விடுவான். நீ என்னடாவெண்டா என்னைப்போல நடிச்சு...

– பொய் ஒண்ணுகூட இல்ல. அது எங்கம்மா. லயம், கொழுந்து, மலைன்னு வந்த எடத்தையெல்லாம் மட்டும் எடுத்துட்டேன், ஒங்க கத மாதிரி இருக்கட்டுமேன்னு. ரெண்டு தடவ திருப்பிப் போட்டுட்டுத்தான் எடுத்தேன், அதையும் சொல்லிர்றேன். நீங்க ஒரு தடவ படிங்க மிஸ். படிச்சிட்டு அழிச்சிருங்க.

– நீயே வாசி. கண்ணாடி கொண்டரேல்லை, பெரிய எழுத்துத்தான் தெரியுது.

– "அன்று தேடுதலுக்கு வந்தவர்கள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது எங்கள் காதில் விழக்கூடாதென்று அம்மா விடிய விடியப் பேசிக்கொண்டே இருந்தாள். தொண்டை அடைத்தது. தண்ணீர் குடித்தாள். மறுபடியும் பேசினாள். விடிந்தபோது அப்பா வரவில்லை. அம்மாவுக்குக் குரலும் இல்லை."

– ஏன் நிப்பாட்டிட்டாய்?

– அவ்வளவுதான் மிஸ். எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. அப்பா பதினேழு நாள் கழிச்சு வந்துட்டாரு. அம்மா கொரல்தான் திரும்பி வரல, கரகரன்னே நின்னுபோச்சு. போன வருசம் மாசியில அவங்களும் போய்ட்டாங்க. அந்தப் பழைய கொரல ஒரே ஒரு தடவ கேக்கணும் மிஸ். அதுக்குத்தான் எழுதுனேன். எழுதுறப்ப கேட்ட மாதிரி இருந்துச்சு.

– இஞ்ச பார். அழாதை.

– அழல மிஸ்.

– என்ர முப்பத்தியொண்டிலயும் இப்பிடி ஒண்டு இல்லை. சொல்லக் கசக்குது. ஆனா சொல்லாமல் விட்டா அது பொய்.

– மிஸ்!

– இதை அழிக்க வேண்டாம். உன்ர பக்கத்துக்குக் கொண்டுபோ. லயத்தையும் கொழுந்தையும் எடுத்த இடத்திலயே திருப்பி வை. பாலம்மா எண்டு பேரைப் போடு. ரசப்பொடி கேட்டு வாறவளும் இருந்து வாசிச்சு அழட்டும். மற்ற முப்பத்தியொண்டையும் அழிச்சுவிடு.

– ஒங்களுக்கு மனசு கேக்குதா?

– கேக்கேல்லை. அதுக்கு என்ன செய்யிறது? ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்தப் படியில ஏறேக்க நெஞ்சு படக்குப் படக்கெண்டு அடிக்கும். இறங்கேக்க கால் வராது. இப்பிடி எத்தினை சனிக்கிழமை ஏறி இறங்கிறது? அவன் இல்லை எண்டு நான் சொல்லேல்லை. காத்திருக்க என்னால ஏலாது எண்டுதான் சொல்லுறன்.

– சரிங்க மிஸ். அப்ப பின்னூட்டத்தையும் என்னோட எடுத்துக்கவா?

– எடு. உனக்கு வந்ததுகள்தானே.

– நாப்பத்திமூணையும் எடுத்துக்கிறேன். நாப்பத்திநாலாவதா ஒண்ணு இருக்கு. நான் சரின்னு சொன்னாத்தானே வெளிய தெரியும், அத விடாம நிறுத்தி வச்சிருக்கேன். அது மட்டும் இங்கேயே அழியட்டும்.

– ஏன், அதில என்ன?

– எங்கம்மாவ கேவலப்படுத்துது.

– ஆர் எழுதினது?

– பேரு போடல. "பெயரில்லா"ன்னுதான் வருது. வந்து பதினோரு நாளாச்சு. அந்தப் புள்ளிப் படத்துல பாத்தா இந்தியாவுல இராமநாதபுரம்னு காட்டுச்சு. அங்கருந்து அதுக்கு முன்னாடி ஒருத்தரும் வந்ததில்ல.

– இராமநாதபுரமோ? மன்னாரால வள்ளம் ஏறிற சனத்தை அந்தப் பக்கத்திலதானே வைச்சிருக்கினம். மண்டபம் முகாம் எண்டு.

– எங்க தாத்தாவும் அந்த மண்டபம் வழியாத்தான் இங்க வந்தாராம். அந்தப் பக்கத்துலருந்து ஒருத்தன் எங்கம்மாவ ஊமைங்கிறான் மிஸ்! அந்தக் கொரல வச்சுத்தான் அன்னைக்கு ராத்திரி நாங்க பொழச்சோம். எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல.

– ஊமை எண்டோ எழுதியிருக்கிறான்?

– அந்த வார்த்தையே இல்ல, ஆனா அதுதான் அர்த்தம். மொத வரியப் பாத்தேன், ஒடம்பெல்லாம் எரிஞ்சுச்சு, அப்பிடியே மூடிட்டேன். மிச்சத்தப் படிக்கவே இல்ல. விடுங்க, அழிச்சிர்றேன்.

– பொறு. கையை எடு.

– ஏன் மிஸ்? மொகமே மாறிப்போச்சு. இப்பிடி ஒக்காருங்க, தண்ணி கொண்டாரவா?

– தண்ணி வேண்டாம். அதைத் திற. திறந்து அப்பிடியே வாசி. ஒரு எழுத்தும் மாத்தாமல் வாசி, பிள்ளை.

– வாசிக்கிறேன், இருங்க. "அம்மா ஒருநாளும் பேசினதில்லை. நான் அலுமாரியை எரிச்ச அண்டைக்கும் பேசேல்லை. இலையானில் பொய் எழுதக்கூடாது, அக்கா."