சிவப்பு ஒயர் கட்டிய செருப்பு

— செருப்பையாம்மா படம் புடிச்ச? ரெண்டு வாரமா ஷெட் வாசல்ல குனிஞ்சுகினு நிக்கறியாமே. வாட்ச்மேன் ஆஞ்சப்பன் சொல்லிச் சிரிச்சான்.

— ஆமா திம்மராயன் சார், செருப்பைத்தான். சாயங்கால போட்டோ கிளாஸ்ல குடுத்த வேலை.

— நல்ல கிளாஸும்மா! மலைக்கோயில் இருக்குது, ரோஜாத் தோட்டம் இருக்குது. ஓசூர்ல வேற ஒண்ணும் ஆப்டலியா?

— அதெல்லாம் ஒரு வருஷமா எடுத்தேன் சார். காலண்டர் மாதிரி இருக்குன்னு மாஸ்டர் திருப்பிக் குடுத்துட்டார். ‘தினமும் தாண்டிப் போற ஒண்ணை, ஒரே இடத்துல நின்னு, ஒரே நேரத்துல எடு சத்யப்ரியா’ன்னார். உள்ள ஷூ மாட்டறதுக்காக எல்லாரும் வாசல்ல கழட்டி விடுறதுதானே. ஸ்டோர்ஸ்ல என் வேலை முடிஞ்சதும் அஞ்சரைக்கு எடுப்பேன். ஞாயிறு நீங்கலா பதினஞ்சு நாள். நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.

— ஆகட்டும் ஆகட்டும். எங்கிட்ட என்னாத்துக்குக் கொண்டாந்த? எனக்கு தகடு அடிக்கற பிரஸ் ஷாப்பு தெரியும், படம் தெரியாது.

— நான் தப்பாப் பாத்திருக்கலாம் சார். நீங்க ஒரு தடவை பாருங்க. மூலையில தேதி விழுந்திருக்கு. இது ஒண்ணு, ஏழு, ரெண்டாயிரத்து நாலு.

— செருப்பு.

— மூணு நாளைக்கு எனக்கும் வெறும் செருப்புதான் சார். அப்புறம் ஆள் தெரிய ஆரம்பிச்சுது. ஒரு பக்கமா தேஞ்சது சுரேந்தர். சாமிக்கு வைக்கற மாதிரி ஜோடி சேத்து வைக்கறது சென்னகிருஷ்ணன் அண்ணன். வார் அறுந்து சிவப்பு ஒயர்ல கட்டினது…

— மாடசாமி.

— உங்களுக்கும் தெரியுதே சார்!

— எங்கிட்டதாம்மா ஒயர் கேட்டு வாங்கினான். மேல சொல்லு.

— இது ஒன்பதாம் தேதி. தூண் ஓரமா பாருங்க, ஒண்ணு நேரா, ஒண்ணு கவுந்து கிடக்கு. இது பத்து. இது பன்னண்டு. மத்தது எல்லாம் தினம் இடம் மாறுது, இது மட்டும் மாறல. பதினேழாம் தேதி வரைக்கும் அப்படியே. தூசி ஏறினதுகூடத் தெரியுது. தினமும் தாண்டிப் போனப்ப நானே கவனிக்கல சார். வரிசையா அடுக்கினப்பதான்…

— அவன்தான் அன்னிக்கே சொல்லாம கொள்ளாம ஊருக்குப் போயிட்டானே. பை இல்ல, சைக்கிள் இல்ல. கார்டுகூட ரெண்டரைக்கே வெளிய போனதா பஞ்ச் ஆயிருக்குது.

— செருப்பில்லாமலா சார் கோவில்பட்டி போவார்?

— ஷூவோட போயிருப்பான்.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா அவர் ஊருக்கே வரலையாம். அவர் சம்சாரம் இருளாயி அக்கா மூணு நாளா கேட்ல நின்னு அழுவறாங்க. ஒன்பதாம் தேதி பழைய பிரஸ் மிஷின் அடிக் குழிக்குள்ள தேங்கின ஆயில் அள்ள அவரைத்தான் இறக்கினீங்கன்னு சுரேந்தர் சொன்னார். மறுநாள் வந்து பாத்தா குழியை கான்கிரீட் போட்டு மூடியிருக்கு.

— புது மிஷினுக்கு மேடை. போன மாசமே முடிவானது.

— அதானே சார். நான்தான் கண்டதையும் யோசிக்கறேன். ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல.

— யாருக்கு யாருக்குக் காட்டின?

— யாருக்கும் இல்ல சார். தப்பாப் போயிட்டா ஒருத்தர் பேரு கெட்டுடும். உங்ககிட்ட காட்டினா நீங்க தேடுவீங்கன்னுதான்…

— மாஸ்டரு?

— நாளைக்குத்தான் குடுக்கணும்.

— கழுவிக் குடுத்த லேப்காரன்?

— அவன் எங்க பாத்தான்? செருப்பான்னு சிரிச்சுட்டு கவர்ல போட்டுட்டான்.

— ஃபிலிமு?

— அதே கவர்லதான் இருக்கு சார்.

— ஆகட்டும் ஆகட்டும், இங்க வை. நல்லாத்தாம்மா எடுத்திருக்க. வீட்ல சொல்லிட்டு வந்தியா?

— கிளாஸுக்குப் போறேன்னு சொல்லியிருக்கேன். சார், ஷெட்ல சத்தமே இல்லையே?

— செகண்டு ஷிஃப்டுக்கு லீவு விட்டாச்சு. உக்காரு, டீ சொல்றேன். உன் செருப்பு எங்க?

— வெளியிலதான் சார். உங்க ரூம்ல சாமி படம் இருக்குல்ல, எல்லாரும் கழட்டிட்டுத்தானே வர்றோம்.

— ஆஞ்சப்பா! கதவைச் சாத்திக்கோ. பை, வண்டியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இந்தத் தடவையாவது செருப்பை மொதல்ல எடு.