ஒம்பதாங்கிளாசு தப்பா எழுதுன பேரு

ஏனுங்க டீச்சர், நான் சண்டைக்கு வரலீங்க. சேரெல்லாம் வேண்டாம், நின்னுட்டே பேசறேன். கேக்கறதுக்கு மட்டும் நெசத்தச் சொல்லிப்போடுங்க. உங்களைய இதுக்கு யாரு தூண்டி உட்டது?

எதுக்கா? ஒம்பதாங்கிளாசுக்குக் குடிமையியல் பரீட்சையில ஒரு கேள்வி வெச்சீங்களே, நம்ம ஊராட்சித் தலைவர் பேரு என்னன்னு. அதுக்குத்தானுங்க. அத்தனை புள்ளைங்களும் திருமலைசாமின்னு எம்பேரத்தான் எழுதியிருக்குது. எம்பட மக சாய்ப்ரியாவும் அதையேதான் எழுதியிருக்கறா. நீங்க செவப்பு மையில அத்தனைக்கும் தப்புப் போட்டிருக்கீங்க. ஊரே தலைவரேன்னு கூப்பிடற ஆளு பேரு எப்படீங்க தப்பாகும்?

அது தெரியுமுங்க. பொம்பளைங்களுக்கு ஒதுக்குன ஊராட்சி, ஜெயிச்சது எம்பட சம்சாரம் ராமாமணி. நோட்டீசுல அவ போட்டோவச் சின்னதாப் போட்டு, பக்கத்துல எம்போட்டோவப் பெருசாப் போட்டுத்தானே ஓட்டுக் கேட்டோம். அவளுக்கு என்னங்க தெரியும்? காலையில தோசை ஊத்திட்டு இருக்கறப்பப் பேப்பர நீட்டுவேன், முந்தானையில கையத் தொடச்சுப்போட்டுக் கையெழுத்துப் போடுவா. ஆபீசுல சேர்ல உக்கார்றது நானு. கோபி யூனியன் ஆபீசுல இருந்து அதிகாரி வந்தாக்கூட என்கிட்டத்தான் பேசுவாரு.

நீங்க போத்தனூர்ல இருந்து மாத்தலாகி இப்பத்தான் வந்தீங்களாமா. குடியிருக்கறது சென்னகிருஷ்ணன் ஊட்டு மாடியிலதானுங்களே? எங்களுக்கு எதிரா அவன் சம்சாரத்த நிறுத்தித் தோத்தவனுங்க அவன். அவன் காதுல ஓதாமயா இது நடந்திருக்கும்?

பொஸ்தகத்துல இருக்குதுங்களா? இத்தன வருசமா இருக்கறதுதானே. முந்தி இருந்த வாத்தியாரு, இதெல்லாம் பரீட்சைக்கு வராதுன்னு அந்தப் பாடத்தையே தாண்டிப்போடுவாரு. ஊரு அமைதியா இருந்துச்சு. நீங்க என்னடான்னா கிராம சபைன்னா என்ன, யாரு கேள்வி கேக்கலாம்னு உக்கார வெச்சுச் சொல்லிக் குடுக்கறீங்க. ஓட்டே இல்லாத புள்ளைங்களுக்கு எதுக்குங்க அது? இங்கிலீசு சொல்லிக் குடுங்க, கணக்குச் சொல்லிக் குடுங்க, கையெடுத்துக் கும்புடறேன். எம்மகளே சர்க்காரு பள்ளிக்கூடத்துலதான் படிக்குதுன்னு ஓட்டுக் கேக்கறப்ப மைக்குல பெருமையாப் பேசுனவன் நானு. இப்புடி வந்து முடியும்னு தெரியலீங்க.

அந்தப் பரீட்சைப் பேப்பரச் சாய்ப்ரியா கொண்டுபோயி அவங்கம்மாகிட்டக் காட்டியிருக்கறா. அம்மா, இதுக்கு உம்பேரத்தான் எழுதோணுமாம்னு. ராமாமணி ஒண்ணும் பேசுல. எனக்கு அப்பவே சந்தேகமுங்க. அவ சத்தம் போட்டான்னா பொழுதுக்குள்ள ஆறிப்போகும். பேசாம இருந்தாத்தான் வம்பு.

முந்தாநேத்து எப்பயும் போலக் கொழாயி வேலைப் பேப்பர நீட்டுறேன், அடுப்ப அணைச்சுப்போட்டு உக்காந்து படிக்கறா. ஒரு வரி உடாம. படிச்சுப்போட்டு, கெழக்கு வளவு ஊடுகளுக்குப் போற தண்ணிக் கொழாயி எதுக்கு நம்ம தோட்டத்தச் சுத்திட்டுப் போகுதுன்னு கேக்கறா. கொழாயின்னா நாலு பக்கம் வளைஞ்சுதானுங்க போகும். ஏனுங்க, நீங்களும் அப்படிப் பாக்கறீங்க? கையெழுத்துப் போடவே இல்ல.

எனக்குப் பயமா இருக்குதுங்க டீச்சர். நீங்க சிரிச்சாலுஞ் செரி.

செரி, வந்த வேலையச் சொல்லிப்போடறேன். இப்ப ஆபீசுல இருந்துதான் வாரேன். உள்ள போறேன், எஞ்சேர்ல ராமாமணி உக்காந்திருக்கறா. செயலரு பக்கத்துல பவ்யமா நிக்கறான். எனக்கு ஒரு சேரு எடுத்துப் போட ஆளில்லீங்க. வர்ற கிராம சபைக்கு ஒம்பதாங்கிளாசப் பூராவும் கூட்டியாரோணுமாம். கொழாயப் பத்தியே புள்ளைங்க கேக்கலாமாம். ராமாமணியே எந்திரிச்சு நின்னு பதில் சொல்லறாங்களாம். போயி டீச்சர்கிட்டக் கேட்டுட்டு வாங்கன்னு என்னைய அனுப்பிச்சாங்க.

வாரீங்களா, இல்லீங்களா? தலைவருகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்லட்டுங்க?